ட்ரெயிலருக்கு சோலாரும் ஏசியும்: நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்கு முள்ளியவளை. ஒன்பது வருடம் கட்டாரில் இருந்துவிட்டு வந்து இப்போது இங்கே கனரக வாகனம் ஓட்டுகிறேன். மனைவி ஆசிரியை, இரண்டு பிள்ளைகள். மூன்று மாதத்துக்கு முன் டபிள் கப்பில் கொளுவி இழுக்கிற புது ட்ரெயிலர் வீடு ஒன்று வாங்கினோம். 13 அடி நீளம். ஒரு வருட உத்தரவாதம் தந்திருக்கிறார்கள். வெறும் எடை 950 கிலோ, ஏற்றக்கூடிய மொத்த எடை 1,200 கிலோ. உள்ளே 100 ஆம்பியர் மணி சாதாரண பற்றரி ஒன்றும் 60 லீற்றர் தண்ணீர்த் தாங்கியும் இருக்கின்றன. நாயாறு, வவுனிக்குளம், மடு என்று கரண்ட் இல்லாத இடங்களில் மூன்று நான்கு நாள் தங்குவதற்கு ஏற்றமாதிரி இதை மாற்ற வேண்டும். வருடத்தில் ஒரு 20 இரவு தங்குவோம். 800 வாட் சோலார், 400 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரி, 3,000 வாட் இன்வேட்டர், சின்ன ஏசி, 200 லீற்றர் தாங்கி எல்லாம் சேர்த்து 13.5 இலட்சம் ரூபா கேட்கிறார்கள். 8 இலட்சத்தை ஒரு லீசிங் கம்பனி தரும், மாதம் 26,000 ரூபா வீதம் 48 மாதம். மிச்சத்துக்கு மனைவியின் நகையை வைக்கலாம் என்று யோசிக்கிறோம். 9 இலட்சம் நிலையான வைப்பில் இருக்கிறது, வட்டி 8 வீதம், முதிர ஏழு மாதம் இருக்கிறது. அதை உடைப்பதா, நகையை வைப்பதா? மாதம் 30,000 ரூபா அளவில் மிச்சம் பிடிக்கிறோம். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரருக்கு வாடகைக்கு விடலாம் என்றும் ஒரு எண்ணம்.

பதில்: தம்பி, இரண்டும் வேண்டாம். ட்ரெயிலரை மாற்ற வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கும்போதே அவர்களோடு ஊர் பார்க்க ஆசைப்படுகிறீர்கள், அதற்குச் செலவழிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் செலவு 13.5 இலட்சம் இல்லை, அதில் எட்டில் ஒரு பங்கு போலத்தான் வரும்.

முதலில் அந்த லீசிங் கணக்கைப் பார்ப்போம். 26,000 ரூபாவை 48 ஆல் பெருக்கினால் 12,48,000. எடுப்பது 8 இலட்சம், ஆக வட்டி 4,48,000. நான்கு வருடத்துக்குப் பிரித்தால் வருடத்துக்கு 14 வீதம் என்று வரும். முகவர் உங்களிடம் சொன்னதும் அந்த 14 ஆகத்தான் இருக்கும். ஆனால் நீங்கள் மாதாமாதம் முதலையும் சேர்த்துத்தானே கட்டுகிறீர்கள். இரண்டு வருடம் போனபிறகு உங்கள் கையில் இருக்கிற கடன் 8 இலட்சம் இல்லை. குறைந்துகொண்டு போகிற மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு 24 வீதத்தை ஒட்டி நிற்கிறது. 24 வீதத்தில் கடனை எடுத்துக்கொண்டு, 8 வீதத்தில் 9 இலட்சத்தை வைப்பில் போட்டு வைப்பது எந்த வீட்டுக்கும் கட்டாது. அதோடு 30,000 மிச்சத்தில் 26,000 போய்விட்டால், ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கைமாற்றுக்கு ஓட வேண்டி வரும்.

நகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் நகை அடகு வைப்பது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. காலபோகத்துக்கு உழவுக்கும் விதைக்கும் பசளைக்கும் சங்கிலியை வைப்பார்கள், மாசியில் பங்குனியில் நெல்லை விற்று மீட்பார்கள். விளைச்சல் வருகிறது, அதனால் அந்த அடகு மீளுகிறது. மழை பிழைத்த வருடத்தில் அதுவே எத்தனை பேருக்கு ஏலத்தில் போனது என்று உங்களுக்கும் தெரியும். ட்ரெயிலருக்குள் பூட்டுகிற ஏசிக்கு விளைச்சல் இல்லை. உங்கள் சம்பளத்திலிருந்துதான் அந்த நகை மீள வேண்டும், அந்தச் சம்பளத்தை ஏற்கனவே லீசிங் பிடித்துக்கொள்ளும். இடம்பெயர்ந்து திரிந்த வருடங்களில் கழுத்திலும் காதிலும் கிடந்ததை விற்றுத்தான் பல குடும்பங்கள் அரிசி வாங்கின. உங்கள் மனைவியின் வீட்டாரும் அதைக் கண்டிருப்பார்கள். அவர் சம்மதித்தாலும் நீங்கள் கேட்காமல் இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

வைப்பை உடைத்தாலும் நட்டம்தான். முதிருமுன் எடுத்தால் வங்கி வட்டியைக் குறைத்துத்தான் தரும். அதைவிட முக்கியம், உங்கள் கடிதத்தில் வேறு சேமிப்பு எதையும் காணவில்லை. அந்த 9 இலட்சம்தான் இந்த வீட்டின் ஆபத்துக்கால நிதி. அதில் கை வைக்க வேண்டாம்.

சரி, இனி 13.5 இலட்சத்துக்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம். பத்து வருடம் பாவிப்பதாக வைத்தால் வருடத்துக்கு 1,35,000. 20 இரவால் பிரித்தால் ஓர் இரவுக்கு 6,750 ரூபா. கடன் வட்டியும் ட்ரெயிலரின் விலையும் இதில் இல்லை.

இந்தச் செலவை மேலே தூக்கிவிடுவது ஏசி. கரண்ட் பில்லில் வருகிற அலகிலேயே சொல்கிறேன். 400 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரிக்குள் கிட்டத்தட்ட 5 அலகு பிடிக்கும். மெல்லிய சுவர் ட்ரெயிலரில், எங்கள் வெயில் காலத்து இரவில், சின்ன ஏசியை எட்டு மணித்தியாலம் விட்டால் 4 அலகு போய்விடும். 800 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் சூடும் தூசியும் கழித்து 3 அலகுக்குச் சற்று மேலே தரும். முதல் இரவு குளிராகப் படுப்பீர்கள், இரண்டாம் இரவு இடையில் நின்றுவிடும், மூன்றாம் இரவு எல்லோரும் வெளியே வந்து படுப்பீர்கள். ஏசியை எடுத்துவிட்டால் 3,000 வாட் இன்வேட்டருக்கும் வேலை இல்லை. 12 வோல்ட்டில் 3,000 வாட் எடுப்பதென்றால் கம்பியில் 250 ஆம்பியர் ஓடும். அதற்குப் பெருவிரல் தடிப்பில் செம்புக் கேபிள் போட வேண்டும். மெல்லியதைப் போட்டால் அது படுக்கைக்குக் கீழே சூடாகி உருகும்.

ஏசி இல்லாமல் என்ன தேவை? 12 வோல்ட்டில் ஓடுகிற சின்ன கொம்பிரசர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு அரை அலகு எடுக்கும். இரண்டு சின்ன ஃபான் இரவு முழுக்கச் சுற்றினால் 0.3. விளக்கு, போன், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் சேர்ந்து 0.2 தாண்டாது. மொத்தம் ஒரு நாளைக்கு 1 அலகு. இதற்கு 400 வாட் சோலாரே கூட. உங்களிடம் இருக்கிற சாதாரண பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் அது 0.6 அலகுதான் தரும், ஆகவே அதன் இடத்தில் 100 ஆம்பியர் மணி லித்தியம் ஒன்று போதும். முகில் மூடிய நாளில் ஃபிரிட்ஜை நிறுத்திவிடலாம்.

விற்பவர் ‘லித்தியம் 3,000 தடவை சார்ஜ் தாங்கும்’ என்று சொல்வார். உண்மைதான். ஆனால் வருடத்தில் 20 இரவு என்றால் 3,000 தடவைக்கு 150 வருடம் வேண்டும். அந்தக் கணக்குக்காக அதை வாங்க வேண்டாம். பாரம் குறைவு, உள்ளே இருப்பதில் பெரும்பகுதியை எடுக்கலாம், இந்த இரண்டுக்காக வாங்குங்கள். பழைய பற்றரியோடு அதைச் சேர்த்துக் கட்டக் கூடாது. ட்ரெயிலரில் இருக்கிற சார்ஜர் லித்தியத்துக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். டபிள் கப்பின் எஞ்சினோடு சுற்றி மின் தருகிற ஓல்டர்நேட்டரிலிருந்து சார்ஜ் எடுப்பதென்றால் நடுவில் அதற்கான சார்ஜர் ஒன்று வேண்டும், நேரே கொடுத்தால் ஓல்டர்நேட்டர் சூடாகிக் கெடும். பற்றரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும்.

சோலாரைக் கூரையில் பூட்ட வேண்டாம். வன்னியில் ஆவணி வெயிலுக்கு யாராவது வாகனத்தை வெட்டையில் விடுவார்களா? பாலை மரமோ மருத மரமோ தேடி நிழலில்தான் விடுவீர்கள். கூரையில் பூட்டிய சோலார் தகட்டின் ஒரு மூலையில் கிளை நிழல் விழுந்தாலே மின் வரவு நன்றாகக் குறைந்துவிடும். ட்ரெயிலர் வெயிலில் நின்றால் நீங்கள் வேகுவீர்கள், நிழலில் நின்றால் சோலார் வேலை செய்யாது. அதனால் காலில் நிறுத்துகிற 200 வாட் தகடு இரண்டு வாங்கி, பத்து மீற்றர் தடித்த கேபிளோடு வெயிலில் வையுங்கள், இரவில் உள்ளே எடுங்கள். இன்னொரு காரணமும் இருக்கிறது. புது ட்ரெயிலரின் கூரையில் துளை போட்டால் உத்தரவாதம் போய்விடக் கூடும். ஒரு திருகாணி ஓட்டையால் மார்கழி மழை இறங்கினால் உடனே தெரியாது. உள்ளே இருக்கிற பிளைவுட் ஊறி, விரலால் அழுத்தினால் பழுத்த பப்பாசி போல உள்ளே போகும்போதுதான் தெரியும். அந்த ஒரு வருடம் முடியும்வரை துளைக்கிற வேலை எதுவும் வேண்டாம்.

எடையையும் பாருங்கள். உங்களுக்கு ஏற்ற இருப்பது 250 கிலோ. 200 லீற்றர் தண்ணீர் என்றால் 200 கிலோ. ஏசி 35, சோலார் 40, பெரிய பற்றரி 45, இன்வேட்டர் 10. இதுவே 330 கிலோ. அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், உடுப்பு எதுவும் இன்னும் ஏறவில்லை. கூடின பாரத்தோடு கிரவல் பாதையில் போனால் ரயரோ அச்சோ முறியும், தாங்கியை அச்சுக்குப் பின்னால் வைத்தால் ஏ9 வீதியில் ட்ரெயிலர் வால் ஆட்டத் தொடங்கும். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு முன்கொளுவியில் இறங்க வேண்டும். இருக்கிற 60 லீற்றர் தாங்கியோடு 20 லீற்றர் கான் நான்கு வாங்குங்கள். வீட்டிலிருந்து நிரப்பிக்கொண்டு இழுக்காமல், தங்குகிற இடத்துக்குக் கிட்ட நல்ல கிணறு பார்த்து நிரப்புங்கள். குடிக்கிற தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்து கொண்டு போங்கள், கடற்கரைப் பக்கக் கிணறுகள் உவர்.

சிறுவயதில் நாங்கள் மடுத் திருவிழாவுக்கு ட்ரக்டர் பெட்டியில் போனோம். பெட்டிக்கு மேலே பச்சைத் தார்பாய், கீழே வைக்கோலும் புற்பாயும். பின்பலகையை இறக்கி முண்டு கொடுத்தால் அதுதான் குசினி. நீலப் பீப்பா ஒன்றின் அடியில் பித்தளைக் குழாய் பூட்டியிருந்தது, அம்மா பேணியால் அளந்துதான் தண்ணீர் வார்ப்பார். ட்ரக்டர் பற்றரியிலிருந்து இழுத்த ஒரேயொரு குமிழ், அதுவும் சாப்பிடும்வரைதான். பதினொரு பேர் ஐந்து நாள் இருந்தோம். இன்றைய பிள்ளைகளை அப்படி வைத்திருங்கள் என்று சொல்லவில்லை. கூரைக்கு மேலே ஒரு முழ இடைவெளி விட்டுத் தார்பாய் கட்டுவது, காற்று வருகிற பக்கம் பார்த்துக் கதவை வைப்பது, யன்னலுக்கு நல்ல நுளம்புவலை அடிப்பது, இவற்றுக்குச் சில ஆயிரம் ரூபாதான். இரவு தூங்க விடுவது இவைதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வேலைக்கு முற்பணம் கொடுக்காமல், இருக்கிற மாதிரியே மூன்று இரவு போய்த் தங்கிப் பாருங்கள். பற்றரி எத்தனை மணிக்கு இறங்கியது, எத்தனை லீற்றர் போனது, எது இல்லாமல் பிள்ளைகள் சிணுங்கினார்கள் என்று கொப்பியில் எழுதுங்கள். மாத மிச்சத்தில் பாதி, 15,000 ரூபாவை இதற்கென்று தனியே போடுங்கள். ஏழு மாதத்தில் 1,05,000. வைப்பு முதிரும்போது ஒரு வருட வட்டி 72,000, அதில் 10 வீதம் நிறுத்திவைப்பு வரி போக 64,800 கையில் வரும். இரண்டும் சேர்ந்து 1,69,800 ரூபா. முதலை மறுபடி வைப்பில் போட்டுவிட்டு, இந்தத் தொகைக்குள் முதலில் தகடும் பற்றரியும், தகட்டிலிருந்து பற்றரிக்குப் போகிற மின்னை அளவாக்குகிற சார்ஜ் கொன்ட்ரோலரும், பிறகு ஃபான், காசு மிஞ்சினால் ஃபிரிட்ஜ். மிஞ்சாவிட்டால் ஃபிரிட்ஜ் அடுத்த வருடம், அதுவரை ஐஸ் பெட்டி. மூன்று இடத்தில் விலை கேளுங்கள். பூட்டியதைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

தங்குகிற இடத்தைப் பற்றி ஒரு சொல். வனத் திணைக்களத்தின் காணிக்கும் வனவிலங்குச் சரணாலயத்துக்கும் அனுமதி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். யானை வருகிற தடத்தை ஊர்க்காரரிடம் கேட்டு விலகி நில்லுங்கள். கண்ணிவெடி அகற்றும் வேலை முழுதாக முடியாத இடங்கள் வன்னியில் இன்னும் இருக்கின்றன, ஆட்கள் நடந்து பழகாத பற்றைக்குள் ட்ரெயிலரைத் தள்ள வேண்டாம்.

வாடகை எண்ணத்தைத் தனிக் கணக்காக வையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் ஏசி கேட்பார் என்பது சரி. அவரை உங்கள் மாமியார் வீட்டு வளவிலோ கரண்ட் உள்ள வேறு வளவிலோ நிறுத்தி, 230 வோல்ட் இணைப்பில் ஏசி போட்டுக் கொடுக்கலாம், அதற்கு லித்தியமும் வேண்டாம், சோலாரும் வேண்டாம். ஆனால் அதற்காகவும் இப்போது ஏசி வாங்க வேண்டாம். இந்த ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருகிறோம் என்று சொல்கிற சொந்தக்காரர் மூன்று பேரிடம் ஓர் இரவுக்கு எவ்வளவு தருவார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூன்று பேரும் முற்பணம் அனுப்பினால், வாடகைக்கு விட்டாலும் காப்புறுதி செல்லும் என்று கம்பனி எழுதித் தந்த கடிதத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், அப்போது அந்தக் கணக்கைப் போடுவோம்.