முதல் ஸ்காட்ச்: தொண்டையைச் சுடாதது எது?

கேள்வி: வயது 27, மதுரை திருநகர். இதுவரை பீர் மட்டும்தான். ஒருமுறை நண்பர்களோடு விஸ்கி அடித்தபோது தொண்டை எரிந்து கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அடுத்த மாதம் துபாயிலிருந்து மாமா மகன் வருகிறான். அதிகம் செலவில்லாமல், ஸ்மூத்தான ஸ்காட்ச் எதை வாங்கி வரச் சொல்லலாம்?

பதில்: அன்றைக்கு நீங்கள் குடித்தது ஸ்காட்ச்தானா என்பதே எனக்குச் சந்தேகம். நம்மூரில் விஸ்கி என்று விற்பதில் பல கரும்புச் சக்கைப்பாகில், அதாவது மொலாசஸில், காய்ச்சிய ஸ்பிரிட் கலந்தவை. ஸ்காட்ச் தானியத்தில் காய்ச்சுவது. அதுவும் ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் கிடக்க வேண்டும் என்பது சட்டம். லேபிளில் 12 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்திருப்பதில் மிக இளையதற்கே 12 வயது என்று பொருள்.

தொண்டையைப் பிடிப்பது எப்போதும் ஆல்கஹால்தான் என்று நினைக்காதீர்கள். பல பேருக்குப் பிரச்சினை புகைதான். பீட் என்ற சதுப்பு நிலத்துக் கரிமண்ணை எரித்து, அந்தப் புகையில் பார்லியைக் காய வைக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஐலா தீவின் லஃப்ரோய்க், ஆர்ட்பெக் எல்லாம் அந்த ரகம். மூடியைத் திறந்ததுமே ஈர விறகு அடுப்பும் ஆஸ்பத்திரி டிஞ்சரும் சேர்ந்தடிக்கும். எனக்கு உயிர், உங்களுக்கு இப்போது வேண்டாம். டீச்சர்ஸ், ஜானி வாக்கர் பிளாக் லேபிள் இரண்டிலும் லேசான புகை உண்டு. அதனால் அவற்றையும் இரண்டாவது பாட்டிலுக்குத் தள்ளி வையுங்கள். ரெட் லேபிள் சோடா ஊற்றிக் குடிப்பதற்கென்றே கலந்தது, வெறுமனே குடித்தால் காரம் தெரியும்.

பட்ஜெட் சின்னதென்றால் ட்யூவர்ஸ் வைட் லேபிள் அல்லது பேலன்டைன்ஸ் ஃபைனெஸ்ட். முதலாவதில் தேன் வாசம், அடுத்தது இன்னும் லேசு. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் மங்கி ஷோல்டர். மால்ட், அதாவது முளைகட்டிய பார்லியில் காய்ச்சியது, மட்டுமே கலந்தது, இனிப்பு வாடை. என் ஓட்டு இதற்குத்தான். சிங்கிள் மால்ட்தான், அதாவது ஒரே ஆலையில் காய்ச்சிய மால்ட்தான், வேண்டுமென்றால் க்ளென்லிவெட் 12. பழ வாசம், புகை கிடையாது. ஆனால் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்பதால், 100 பைப்பர்ஸ், வாட் 69 போல மொத்தமாக இறக்கி இங்கே அடைத்து விலை குறைக்க வழியில்லை.

ட்யூட்டி ஃப்ரீயில் ஒருவர் 2 லிட்டர் வரைதான் கொண்டு வரலாம், தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அங்கே வாங்கும் பாட்டிலில் ஆல்கஹால் பெரும்பாலும் 40 சதவீதம் இருக்கும்; இங்கே கடையில் அதே பெயர் பலவற்றில் 42.8. சின்ன வித்தியாசம்தான், ஆனால் புது நாக்குக்குத் தெரியும்.

ஊற்றும் விதம்தான் முக்கால்வாசி. ஒரு ஸ்மால், அதாவது 30 மில்லி, அதே அளவு குளிர்ந்த தண்ணீர். 42.8 சதவீதம் அப்போதே 21.4 ஆகிவிடும். டம்ளருக்குள் மூக்கை நுழைக்காமல், வாயைச் சற்றுத் திறந்தபடி தள்ளி முகருங்கள். முதல் மடக்கை விழுங்க அவசரப்படாமல் நாக்கில் ஒரு சுற்று விடுங்கள். எரிச்சல் அதிலேயே அடங்கிவிடும். வெறும் வயிற்றில் வேண்டாம், கோலா உருண்டை இரண்டு உள்ளே போயிருக்கட்டும். வண்டிச் சாவி அன்றைக்கு வீட்டிலேயே கிடக்கட்டும்.

மிச்சமானதை மொட்டை மாடி ரூமில் வைக்காதீர்கள், நம்மூர் சித்திரை வெயிலில் வாசம் போய்விடும். நிழலான அலமாரியில், படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள்.