ஹாம்பர்க்கில் ஒரே ஒரு சாயங்காலம்: நடக்கிறவர்களுக்குக் கேள்வி பதில்

கேள்வி: வேலை விஷயமாக வருகிறேன். ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும். எங்கே நடக்கலாம்?

ராத்ஹவுஸ் என்கிற நகரசபை மாளிகை வாசலில் தொடங்குங்கள். அங்கிருந்து ஷ்பைஷர்ஷ்டாட் என்கிற கிடங்கு வட்டாரம், எல்ப்ஃபில்ஹார்மனி இசையரங்கம், லாண்டுங்ஸ்ப்ரூக்கன் படகுத்துறை, கடைசியாக எல்பே ஆற்றுக்கு அடியில் சுரங்கம். ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும்.

கேள்வி: எத்தனை மணிக்குக் கிளம்பணும்?

எந்த மாதம் என்று சொல்லவில்லையே! ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.50 ஆகிவிடும். டிசம்பரில் சாயங்காலம் 4 மணிக்கே இருட்டு. மறைவதற்கு அரை மணி முன்னால் கிளம்பினால் சரியாக விளக்கு போடும் நேரத்தில் ஷ்பைஷர்ஷ்டாட்டில் இருப்பீர்கள்.

கேள்வி: அது பழைய கோடவுன்தானே? அதில் பார்க்க என்ன இருக்கிறது?

கோடவுன்தான். 1883இல் வேலை தொடங்கியபோது அங்கே குடியிருந்த சுமார் 20,000 பேரைக் கிளப்பிவிட்டுக் கட்டினார்கள். காபி, தேயிலை, மசாலா எல்லாம் சுங்கவரி இல்லாமல் இறக்கி வைக்க. போக்கன்ம்யூலன் பாலத்தில் எல்லாரும் படம் எடுப்பார்கள், நீங்களும் எடுங்கள். எடுத்துவிட்டுக் கூரையைப் பாருங்கள். முனையில் கப்பி துருத்திக்கொண்டிருக்கும். அதற்கு நேர் கீழே மாடிக்கு மாடி ஒரு கதவு, படியே இல்லாமல் அந்தரத்தில். கீழே வாய்க்காலில் நிற்கும் படகிலிருந்து மூட்டை நேரே அதற்குள் போகும்.

அப்புறம் குனிந்து வாய்க்கால் சுவரைப் பாருங்கள். செங்கல்லில் பாசி ஏறிய ஈரக்கோடு தெரியும். கடல் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனாலும் தினம் இரண்டு முறை தண்ணீர் 3.5 மீட்டருக்கு மேல் ஏறி வடிகிறது. நான் முதல் தடவை போனது வடிந்த நேரத்தில். சேற்றைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று திரும்பி வந்தேன். தண்ணீர் ஏறும் நேரத்தை முதலிலேயே போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எல்ப்ஃபில்ஹார்மனிக்குள் போக கச்சேரி டிக்கெட் வேணுமா?

வேண்டாம். 37 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிளாசாவுக்குத் தனி நுழைவுச்சீட்டு உண்டு. 82 மீட்டர் நீள எஸ்கலேட்டர் வளைந்து போவதால், ஏறும்போது மேல்முனை கண்ணில் படாது. கட்டடத்தின் கீழ்ப்பகுதி 1960களில் கட்டிய கோகோ கிடங்கு. 2017இல்தான் அரங்கம் திறந்தது. ஆன செலவைப் பற்றி உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிடாதீர்கள், சுரங்கம் பார்க்க நேரம் இருக்காது.

கேள்வி: பெண் தனியாக ராத்திரி அந்தச் சுரங்கத்தில் போகலாமா?

நானும் தனியாகத்தான் போகிறேன். வெளிச்சம் நன்றாக இருக்கும், சைக்கிள்காரர்கள் மணியடித்துக்கொண்டே போவார்கள். 1911இல் திறந்தது, 426 மீட்டர் நீளம், நடந்து போகக் காசு கிடையாது. ஓடு பதித்த சுவரில் மீனும் நண்டும் புடைப்பாக இருக்கும். அக்கரையில் ஏறித் திரும்பினால், நடந்து வந்த வழி முழுக்க விளக்கோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

கேள்வி: நான் சைவம். வழியில் சாப்பிட?

படகுத்துறையில் மீன் பன் வாசனைதான். ஃப்ரான்ஸ்ப்ரோய்ட்ஷன் என்று பட்டை போட்ட இனிப்பு ரொட்டி கிடைக்கும். பேக்கரி மூடுமுன் இரண்டு வாங்கிப் பையில் வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் முடியாதே?

பௌம்வால் ஸ்டேஷனில் யூ3 ரயில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான லாண்டுங்ஸ்ப்ரூக்கனில் இறங்குங்கள். அந்த இடத்தில் தண்டவாளம் தூண்கள் மேல் போகிறது, துறைமுகம் முழுக்கத் தெரியும். சுரங்கத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. ரயிலில் அம்மாவை இடப்பக்க சீட்டில் உட்கார வையுங்கள்.