சிறிய பழம் என்றால் சிறிய செடியா?

மாடித்தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பத்தடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள பால்கனிதான் எனக்குத் தோட்டம். பழம் சிறியதாக இருப்பதால் செடியும் அடக்கமாக இருக்கும் என்று எண்ணிச் செர்ரி தக்காளி விதைத்தேன். அது ஏழடி வளர்ந்து, துணி காயப்போடும் கொடியைப் பற்றிக்கொண்டது. இடத்துக்கு அடங்கும் தக்காளியை எப்படிக் கண்டுகொள்வது?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: பழத்தின் அளவை வைத்துச் செடியின் அளவைக் கணிக்க முடியாது. செர்ரி தக்காளிகளில் பெரும்பாலானவை நுனிக்குருத்து ஓயாமல் நீண்டுகொண்டே போகும் கொடி வகையைச் சேர்ந்தவை. உங்கள் செடி தன் இயல்புப்படிதான் நடந்துகொண்டிருக்கிறது. நீங்கள் கவனிக்க வேண்டியது, தண்டு ஓரளவில் தானாக வளர்வதை நிறுத்திக்கொள்ளுமா என்பதைத்தான். நிறுத்திக்கொள்ளும் வகையில் தண்டின் நுனியே ஒரு பூங்கொத்தாக முடிந்துவிடுவதால், அதற்கு மேல் நீளக் குருத்து இருப்பதில்லை. பூத்திருக்கும் செடியைக் கையில் பிடித்து எண்ணிப் பாருங்கள்: ஒரு பூங்கொத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஒன்றிரண்டு இலைகள் மட்டும் இருந்தால் அது குத்துச்செடி, தவறாமல் மூன்று இலைகள் இருந்தால் கொடி. விதைப் பாக்கெட்டில் முன்னதை ‘டிட்டர்மினேட்’ என்றும், பின்னதை ‘இன்டிட்டர்மினேட்’ என்றும், நடுத்தரமானதை ‘செமி டிட்டர்மினேட்’ என்றும் அச்சிட்டிருப்பார்கள். இவற்றில் எதுவும் அச்சிடப்படாத பாக்கெட்டை, மேலிருக்கும் படம் எவ்வளவு கண்ணைப் பறித்தாலும், கடையிலேயே விட்டுவிடுங்கள்.

கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ‘கோ 3’ என்னும் மருதம், நெருக்கி நடுவதற்கென்றே பேசப்பட்ட அடக்கமான ரகம். ஆயினும் வீட்டுத் தேவைக்கு முழுக் குத்துச்செடியை நான் முதலில் பரிந்துரைப்பதில்லை. அது சில வாரங்களுக்குள் மொத்தமாகக் காய்த்து ஓய்ந்துவிடும்; ஒரே சமயத்தில் அறுவடை செய்து சந்தைக்கு அனுப்பும் விவசாயிக்கு அது வசதி, நாளைக்கு நான்கு பழம் ரசத்துக்கு வேண்டும் என்பவருக்கு அல்ல. பெங்களூருக்கு அருகிலுள்ள ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா விகாஸ்’, ‘அர்கா ரக்ஷக்’ இரண்டும் நடுத்தர வகை. ஒரு குச்சியில் கட்டி அடக்கிவிடலாம், காய்ப்பும் சற்று நீடிக்கும். இலைச்சுருள் நச்சுயிரி, பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும் ரக்ஷக் ஒரு வீரிய ஒட்டு ரகம் என்பதால், அதன் பழத்திலிருந்து எடுத்த விதையை மீண்டும் போட்டால் தாய்ச்செடியைப் போல வராது. குத்துச்செடியே வேண்டுமென்றால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரண்டிரண்டு செடியாக விதையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கணுக்களில் முளைக்கும் பக்கக் கிளைகளைக் கிள்ளி எறியும்படி காணொளிகளில் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். அது கொடித் தக்காளிக்கான வேலை. குத்துச்செடியில் விளைச்சலின் பெரும்பகுதி அந்தப் பக்கக் கிளைகளில்தான் வருகிறது. அவற்றைக் கிள்ளுபவர் தம் காயைத் தாமே கிள்ளுகிறார்.

கேள்வி: ‘பி.கே.எம். 1’ தொட்டிக்கு நல்லது என்று நண்பர் சொன்னதால் விதைக் கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். வீட்டுக்கு வந்து பிரித்தால் முருங்கை விதை இருக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: இல்லை. பி.கே.எம். என்பது பயிரின் பெயரன்று, ரகம் வெளிவந்த பெரியகுளத்தின் குறி. அங்கிருந்து பி.கே.எம். 1 தக்காளியும் உண்டு, பி.கே.எம். 1 முருங்கையும் உண்டு, அதே எண்ணில் புளியும் உண்டு. நண்பர் சொன்னது, அன்னஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவான ரகமாக இருக்கும். கோ என்றால் கோயம்புத்தூர், பி.எல்.ஆர். என்றால் பாலூர், எம்.டி.யு. என்றால் மதுரை, பூசா என்றால் டெல்லி. ஆகவே கடையில் பயிரின் பெயரை முதலிலும் ரகத்தின் பெயரைப் பின்னரும் சொல்லுங்கள். முருங்கை விதையைச் சொந்த ஊரில் நிலம் உள்ள யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: தை மாதம் இரண்டு பைகளில் அவரை ஊன்றினேன். கொடி பக்கத்து வீட்டு மாடிக்கே போய்விட்டது. ஆனால் நான்கு மாதமாக ஒரு பூக்கூட இல்லை. உரம் போதவில்லையா?
– வாசகி, விழுப்புரம்

பதில்: தயவுசெய்து இன்னும் உரம் போட வேண்டாம், இலைதான் பெருகும். உங்களிடம் இருப்பது பந்தல் அவரை. பகல் குறுகி இரவு நீண்டால்தான் அதற்குப் பூக்கும் தூண்டல் கிடைக்கும். உங்கள் ஊரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவுதான் என்றாலும், அந்தச் சிறிய வேறுபாட்டைச் செடி துல்லியமாக உணர்கிறது. தையில் விதைத்தால் செடி வளரும் மாதங்களில் பகல் நீண்டுகொண்டே போகிறது; ஆடியில் விதைத்தால் குறைந்துகொண்டே வந்து, கார்த்திகை மார்கழியில் கொடி பூத்துக் குலுங்குகிறது. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்ற பழமொழிக்கு மழையோடு இந்தக் கணக்கும் பொருந்திப்போவதை நான் பல முறை வியந்ததுண்டு.

பைக்கு ஏற்றது செடி அவரை. கோ 13, கோ (ஜி.பி.) 14, ஹெசரகட்டாவின் அர்கா ஜெய், அர்கா விஜய் ஆகியவை பந்தல் கேட்காத குத்து வகைகள், பகல் நீளத்தைப் பார்த்துக் காத்திருக்காதவை என்பதால் ஆடிக்கு வெளியிலும் விதைக்கலாம். ஒரு பையில் இரண்டு செடி போதும். அசுவினி என்னும் சாறுறிஞ்சும் சிறு பூச்சி வந்தால் இளந்தளிரின் அடியில் கறுப்பாக மொய்க்கும். அப்போதே விரலால் நசுக்கிக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: ‘கோ 2’ பரங்கி ஒன்றரை முதல் இரண்டு கிலோதான் இருக்கும் என்கிறார்கள். ஆறடிச் சதுரத்தில் வளர்க்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: காய் சிறியது என்பது உண்மை, கொடி சிறியதன்று. செர்ரி தக்காளி வளர்த்த குரோம்பேட்டை வாசகியின் கதைதான் இதுவும். என் மாடியிலும் ஒருமுறை பரங்கி படர்ந்து, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறக்க வழியில்லாமல் செய்திருக்கிறது. கொடிக்காய்தான் வேண்டும் என்றால், சுவரோரம் ஒரு சின்னப் பந்தல் கட்டிப் பாகலோ புடலோ ஏற்றுங்கள். அவை மேலே போகும், தரை உங்களுக்கு மிஞ்சும்.

கேள்வி: நான்கு பைகளுக்குத்தான் இடம். வெண்டையா, கத்தரியா?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: வெண்டை நேராக நிமிர்ந்து வளர்வதால் இடத்துக்குப் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் ஒரு செடி ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒரு காய்தான் தரும். நான்கு செடியில் கிடைப்பதைச் சேர்த்துவைத்தால் முதலில் பறித்தது வாடிப்போகும். கத்தரி பக்கவாட்டில் பரவினாலும் காய்ப்பு நெடுநாள் நீடிக்கும். ஓய்ந்த பிறகு தரையிலிருந்து ஓரடி விட்டு மேலே வெட்டிக் கவாத்து செய்து தொழுவுரம் இட்டால் மறுபடி தளிர்த்துக் காய்க்கும். ஆகவே 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள மூன்று பைகளில் பைக்கு ஒரு கத்தரி, நான்காவதில் மிளகாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மனம் வெண்டையையே நாடினால், நாற்றுவிட்டுப் பிடுங்கி நடாமல், பைக்கு இரண்டு செடி வரும்படி விதையை நேரடியாக ஊன்றுங்கள். அதன் ஆணிவேர் இடமாற்றத்தை விரும்பாது.