எசான் இலைக் குழம்பு: வாசகர் கேள்வி – பதில்

நைஜீரியாவின் எடோ மாநிலத்தில் எக்போமா, உரோமி, இருவா, உபியாஜா ஊர்களைச் சுற்றி வாழ்பவர்கள் எசான் மக்கள். அவர்கள் வீடுகளில் இடித்த வள்ளிக்கிழங்கோடு சாப்பிடும் கருத்த இலைக் குழம்பைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டு எசான் அம்மா ஒரு கிண்ணம் குழம்பு கொடுத்தார். கறுப்பாக இருந்தது, ஆனால் தீய்ந்த வாடை இல்லை. என்ன இலை, எப்படிச் செய்வது? முதலிலிருந்து சொல்லுங்கள். – லாகோஸ் வாசகி

அதன் பெயர் ஒமி எபே. ஒமி என்றால் குழம்பு, எபே என்றால் இலை. எடோ மொழிகளில் எபே என்ற சொல் இலையையும் குறிக்கும், புத்தகத்தையும் குறிக்கும். நம் 'ஏடு' மாதிரி. ஆங்கிலத்தில் 'பிளாக் சூப்' என்பார்கள். சூப் என்றதும் கோப்பையில் ஊற்றிக் குடிப்பது என்று நினைக்க வேண்டாம். உருண்டை பிடித்துத் தோய்த்துச் சாப்பிடும் கெட்டிக் குழம்பு இது.

மூன்று இலைகள் சேரும். வாசனைக்கு 'சென்ட் லீஃப்', துளசிக் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய இலை. அடியில் நிற்கும் கசப்புக்கு 'பிட்டர் லீஃப்'. காரமான மணத்துக்கு 'உசிசா', நம் மிளகுக் கொடிக்கு நெருங்கிய உறவு. வீட்டுக்கு வீடு இவற்றின் அளவு மாறும். ஐந்து பேருக்கு நாங்கள் சொல்லும் அளவு: காம்பு நீக்கிய சென்ட் லீஃப் 100 கிராம், கசப்பைக் கழுவிப் பிழிந்த பிட்டர் லீஃப் ஒரு எலுமிச்சம்பழ அளவு (சுமார் 30 கிராம்), உசிசா 10 இலை.

மற்றவை: ஆட்டுக்கறி முக்கால் கிலோ, புகை போட்ட கெளுத்தி மீன் ஒன்று, அங்கே 'கிரேஃபிஷ்' என்று விற்கும் உலர்ந்த பொடி இறாலை இடித்த தூள் 3 மேசைக்கரண்டி, 'இரு' என்னும் புளிக்கவைத்த மரப்பயறு 1 தேக்கரண்டி, அங்கத்திய குண்டு மிளகாய் 2, வெங்காயம் 1, செம்பனைப் பழம் (பாமாயில் எடுக்கும் பனையின் பழம், நம் ஊர்ப் பனம்பழம் அல்ல) 1 கிலோ, உப்பு.

செம்பனைப் பழத்தைத் தோல் நெகிழும்வரை 30–40 நிமிடம் வேகவையுங்கள். சூட்டோடு உரலில் இடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் கொட்டை உடையாமல், சதை மட்டும் நசுங்கினால் போதும். 1 லிட்டர் வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, தேங்காய்ப்பால் எடுப்பதுபோல வடிகட்டுங்கள். இதுதான் பனம்பால். சந்தையில் 'நேட்டிவ்' (நாட்டு ரகம்) பழம் என்று கேட்டு வாங்குங்கள். 'அக்ரிக்' என்னும் பண்ணை ரகத்தில் எண்ணெய் அதிகம், குழம்பு திகட்டும்.

கறியை வெங்காயமும் உப்பும் போட்டு வேகவைத்து, அரை லிட்டர் அளவுக்குச் சாறு நிற்கும்படி எடுத்து வையுங்கள். மீனை உப்புப் போட்ட வெந்நீரில் கழுவி நடுமுள்ளை நீக்குங்கள். செவுள் இடுக்கில் மணலும் சில சமயம் பூச்சியும் இருக்கும், இதில் அவசரம் கூடாது.

பனம்பாலைத் தனியாக 20–25 நிமிடம் கொதிக்கவிடுங்கள். முதலில் நுரையாக ஆரஞ்சு நிறத்தில் பொங்கும். பிறகு நுரை அடங்கி, ஓரத்தில் சிவப்பு எண்ணெய் வளையம் கட்டும். அந்த வளையம் வந்த பிறகுதான் கறி, கறிச்சாறு, இடித்த மிளகாய், இறால் தூள், இரு எல்லாம். 15 நிமிடம் கொதித்து, கரண்டியைத் தூக்கினால் முதுகில் படியும் பதத்துக்கு வரட்டும். மீனைப் போடுங்கள்.

கடைசியில்தான் இலை. மூன்றையும் தண்ணீரே சேர்க்காமல் அம்மியில் விழுதாக அரைத்து, குழம்பில் கரைத்து, மூடிபோட்டு சிறுதீயில் 10–12 நிமிடம். இடையில் இரண்டு தடவை அடிவரை கிளறுங்கள்.

நிறம் மாறுவது இங்கேதான். இலையைப் போட்டதும் பாசிப்பச்சையாக இருக்கும். ஐந்தாவது நிமிடம் ஆலிவ் நிறம், பத்தாவது நிமிடம் கருத்துவிடும். பச்சையத்தின் நடுவில் இருக்கும் மக்னீசியம் சூட்டில் கழன்றுபோவதால் வரும் மாற்றம் அது. நைய அரைத்த விழுதில் இது வேகமாக நடக்கும். சிவப்பு எண்ணெயும் சேர்ந்து கருப்பாகத் தெரியும். கீரையை மூடாமல் வேகவைத்தால் பச்சை மாறாது என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதே விதியைத் திருப்பிப் போட்டு இங்கே மூடி வேகவைக்கிறோம். கீரைக்குப் போடும் பழக்கத்தில் சமையல் சோடாவைச் சேர்த்துவிடாதீர்கள். பச்சையைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ருசியையும் வழவழப்பாக்கிக் கெடுக்கும்.

மிக்சியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி அரைத்துச் செய்தேன். பச்சையாகவே இருந்தது, தண்ணீராகவும் இருந்தது. கருப்பு வருவதற்கு என்ன சேர்க்க வேண்டும்? – லண்டன் வாசகர்

எதையும் சேர்க்க வேண்டாம், தண்ணீரைக் குறையுங்கள். மிக்சி சுற்றுவதற்காக நீங்கள் ஊற்றிய ஒரு டம்ளர் தண்ணீர்தான் இரண்டு குறைகளுக்கும் காரணம். தண்ணீரில் மிதக்கும் இலையைக் கத்தி வெட்டுமே தவிர நசுக்காது. விரல் நடுவில் தேய்த்துப் பாருங்கள்: மிக்சி விழுதில் மணல் மாதிரி இலைத் துணுக்கு தட்டும், அம்மி விழுது வெண்ணெய்போல வழுக்கும். எசான் வீடுகளில் தட்டைக் கல்லின்மேல் கைக்கல்லால் இழுத்து அரைப்பதற்கு அர்த்தம் இருக்கிறது.

அம்மி இல்லாவிட்டால் சின்ன ஜாரை எடுங்கள். இலையைப் பொடியாக நறுக்கி, கால் தேக்கரண்டி உப்பு தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். தானே நீர் விடும். அதோடு குழம்பிலிருந்தே 2 மேசைக்கரண்டி பனம்பால் ஊற்றி, விட்டு விட்டு ஓட்டுங்கள். பக்கத்தில் ஒட்டியதை வழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் ஜார் சூடேறி சென்ட் லீஃபின் மணம் அங்கேயே பறந்துவிடும்.

இன்னொன்று. குழம்பு நீர்த்திருந்தால் இலை போடுவதற்கு முன்பே சுண்டவையுங்கள். இலை போட்ட பிறகு அரை மணி நேரம் சுண்டவைத்தால் கெட்டியாகும், ஆனால் மணம் இருக்காது. செம்பனைப் பழம் கிடைக்காத இடத்தில் 800 கிராம் டின்னில் வரும் செம்பனைப் பழக் கூழ் நல்ல மாற்று. பாதி டின்னுக்கு 600 மில்லி கறிச்சாறு போதும். லண்டனில் பெக்கம் பக்கத்து ஆப்பிரிக்கக் கடைகளில் உறைய வைத்த உசிசாவும் உலர்ந்த பிட்டர் லீஃபும் கிடைக்கும்.

எங்கள் வீட்டுப் பின்புறத்தில் 'ஆப்பிரிக்க இலை' மரம் நிற்கிறது. பிட்டர் லீஃப் அதுதானா? போட்டுப் பார்த்தேன், வாயில் வைக்க முடியவில்லை. – ஈப்போ வாசகி

அதே செடிதான். மலேசியாவில் பலர் கஷாயத்துக்கு வளர்க்கிறார்கள். கழுவாமல் போட்டிருப்பீர்கள். கசப்புச் சத்து தண்ணீரில் இறங்கக்கூடியது. ஆனால் இலையை உடைத்தால்தான் இறங்கும். நடுநரம்பைக் கிள்ளிவிட்டு, ஒரு பிடி கல் உப்புப் போட்டு, துணி துவைப்பதுபோலக் கசக்குங்கள். பச்சை நுரை பொங்கும். பிழிந்து அலசி, புதுத் தண்ணீரில் மறுபடி. நாலைந்து தடவைக்குப் பிறகு நுரை வெளுத்து அடங்கும். அப்போது ஒரு துண்டை மென்று பாருங்கள். முதலில் கீரை ருசி வந்து, விழுங்கிய பிறகு லேசாகக் கசந்தால் சரியான பதம். கசப்பே தெரியாத அளவுக்குக் கழுவினால் இந்தக் குழம்புக்கு முதுகெலும்பு போய்விடும்.

குழம்பு ஏற்கெனவே கசந்துவிட்டால் கொதிக்கவிட்டுப் பயனில்லை. இறங்கிய கசப்பு சட்டிக்குள்ளேயேதான் இருக்கும். சர்க்கரையும் வேண்டாம், இரண்டு ருசியும் தனித்தனியாக நிற்கும். இன்னொரு பங்கு பனம்பாலும் மீனும் தனியாகக் கொதிக்கவைத்து, அதில் இதைக் கலப்பதுதான் வழி.

மதுரையில் இந்த இலைகளுக்கு எங்கே போவது? துளசி போடலாமா? ரேஷன் பாமாயில் ஊற்றலாமா? – மதுரை வாசகி

பாமாயிலைப் பற்றி முதலில். கூடாது. ரேஷன் பாமாயில் சுத்திகரித்து நிறமும் மணமும் நீக்கியது. அங்கே ஊற்றுவது பழத்தின் சிவப்பு அப்படியே இருக்கும் சுத்திகரிக்காத செம்பனை எண்ணெய். அது கிடைத்தால் பனம்பாலுக்குப் பதிலாக 100 மில்லி எண்ணெயும் 750 மில்லி கறிச்சாறும் வைத்துச் செய்யலாம். அந்த எண்ணெயைப் புகைய விடாதீர்கள். புகைந்தால் சிவப்பு வெளுத்துவிடும். அது கிடைக்காவிட்டால் இந்தக் குழம்பைத் தள்ளிப்போடுங்கள் என்றுதான் சொல்வோம். கடலெண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ செய்தால் நல்ல கீரைக் கறி வரலாம், ஒமி எபே வராது.

இலைக்கு வழி இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் சென்ட் லீஃபில் பெரும்பாலும் தைமால் தூக்கலாக இருக்கும். ஓமத்தில் இருப்பதும் அதே மணப்பொருள்தான். பூஜைத் துளசியில் கிராம்பு வாசனை தூக்கல், அதனால் துளசியை மட்டும் போட்டால் மருந்துக் கஷாயம் மணக்கும். ஒரு பிடி துளசிக்கு நாலு கற்பூரவல்லி இலை சேர்த்து, 70 கிராம் அரைக்கீரையோடு அரையுங்கள், கிட்டத்தட்ட வரும். கற்பூரவல்லி நீர்ச்சத்துள்ள இலை, நாலுக்குமேல் போனால் விழுது இளகும். உசிசாவுக்குப் பத்து மிளகை இடித்துப் போடுங்கள். அதே குடும்பம் என்று வெற்றிலையைப் போட வேண்டாம், அதன் வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கசப்புக்கு வெந்தயக்கீரை ஒரு சின்னப் பிடி. பொடி இறாலுக்கு மட்டும் கவலையே இல்லை, சென்னாக்கூனி இருக்கிறது. வெறும் சட்டியில் லேசாக வறுத்து, மணலைப் புடைத்துவிட்டு இடியுங்கள்.

கூடவே சாப்பிடும் 'யாம்' என்பதைச் சேனை என்று நினைத்து வேகவைத்து இடித்தேன். பிசுபிசுப்பும் இல்லை, நாக்கும் அரித்தது. – கோவை வாசகர்

நம் ஊர் ஆங்கிலத்தில் சேனையை யாம் என்று எழுதுவதால் வந்த வினை. அங்கே யாம் என்பது கொடியில் விளையும் வெள்ளை வள்ளிக்கிழங்கு, சேனைக்கு உறவே இல்லை. எசான் நாட்டில் முக்கியமான விளைச்சலே இந்தக் கிழங்குதான். இடித்த களியை எமா என்பார்கள். தோல் சீவி, இரண்டு விரல் கனத்தில் வெட்டி, உப்பில்லாமல் 20–25 நிமிடம் வேகவைத்து, நீரை வடித்து, ஆவி பறக்கும்போதே உரலில் இடிக்க வேண்டும். ஆறினால் கட்டி விழும், பிறகு எவ்வளவு இடித்தாலும் கரையாது. முதலில் துண்டுகளை மசித்துவிட்டு, பிறகு ஒரே சீராகக் குத்துங்கள். உலக்கையைத் தூக்கும்போது களி இழுபட்டுக் கூடவே எழும்பினால் ஆயிற்று.

யாழ்ப்பாணத்து இராசவள்ளியும் நம் பெருவள்ளியும் இதே இனத்தின் உறவுக் கிழங்குகள். ஆனால் நீர்ப்பதம் கூடியவை, தனியாக இடித்தால் இளகிக் கஞ்சியாகும். கடைகளில் விற்கும் வள்ளிக்கிழங்கு மாவை வெந்நீரில் கிளறிக்கொள்வது மேல்.

சைவமாகச் செய்ய முடியுமா? – புதுச்சேரி வாசகி

முடியும். 400 கிராம் சிப்பிக் காளானைப் பிய்த்து, எண்ணெயில்லாமல் சட்டியில் ஓரம் சிவக்கும்வரை வாட்டுங்கள். மீன் கொடுக்கும் புகை ருசியில் பாதி அதில் வந்துவிடும். இறால் தூளை விட்டுவிட்டு 'இரு'வை 2 தேக்கரண்டியாக்குங்கள். அதற்குமேல் போனால் புளித்த நெடி தூக்கிவிடும்.

காட்டு விலங்குக் கறி போட்டால்தான் ருசி என்கிறார்களே? மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்? – பெனின் சிட்டி வாசகர்

ஆடு போதும். இருவாவில் இருக்கும் போதனா மருத்துவமனை லஸ்ஸா காய்ச்சல் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நோய் ஒருவகை எலியால் பரவுகிறது, எலியைப் பிடித்து அறுத்துச் சுத்தம் செய்யும்போதும் தொற்றும். எலி வகைக் கறியைச் சமையலறைக்குள் கொண்டுவரவே வேண்டாம். மற்ற விருந்துகளில் ருசியே அதில்தான் என்று யார் சொன்னாலும், இந்தக் குழம்பின் ருசி இலையிலும் புகை மீனிலும் இருக்கிறது.

குழம்பு ஆறியதும் குளிர்பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம். எடுத்துச் சுடவைக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஒருமுறை கொதிக்கவிடுங்கள். திரும்பத் திரும்பச் சுட்டால் இலை மணம் போய் மீன் வாடை மிஞ்சும். ஒரு மாதத்துக்கு வேண்டுமானால் இலை போடுவதற்கு முந்தைய குழம்பை உறையவைத்து, பரிமாறும் அன்று இலையை அரைத்துப் போடுங்கள்.