வாசிப்பவர்களின் மறைமாவட்டம் - கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

உகாண்டா மறைசாட்சிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், ‘ஆப்பிரிக்காவின் முதல் ஆயர் 1939இல் உகாண்டாவின் மசாக்கா மறைமாவட்டத்துக்கு நியமிக்கப்பட்டார்’ என்று ஒரு வரி வருகிறது. புனித அகுஸ்தினார் ஆப்பிரிக்கர்தானே? எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டேன். மசாக்கா மறைமாவட்டம் ஆனதே 1953இல்தான் என்கிறார். எது சரி?

இன்னொரு சந்தேகமும் உண்டு. எல்லையை வரைந்தது வெள்ளைக்காரர்கள், அமைப்பும் அவர்களுடையது. இதில் உள்ளூர் மக்களுக்கு என்ன பெரிய பங்கு இருந்திருக்க முடியும்?

ஒரு வாசகி, தூத்துக்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு பிழைகளும் என்னுடையவை. கட்டுரையில் திருத்திவிட்டேன். உங்கள் பங்குத்தந்தைக்கும் நன்றி சொல்லுங்கள்.

பழங்காலத்தில் அகுஸ்தினார் ஆயராக இருந்த ஹிப்போ இன்றைய அல்ஜீரியாவில் இருக்கிறது. பின்னாளில் காங்கோ அரசரின் மகன் என்ரிக்கேயையும் 1518இல் ரோம் ஆயராக நியமித்தது. ஆகவே நான் எழுதியிருக்க வேண்டியது இதுதான்: அண்மை நூற்றாண்டுகளில், சகாராவுக்குத் தெற்கே, இலத்தீன் வழிபாட்டு முறையில் ஆயரான முதல் கறுப்பினத்தவர் ஜோசப் கிவானுக்கா. 1939 அக்டோபர் 29 அன்று ரோமில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) பல நாடுகளைச் சேர்ந்த பன்னிரண்டு பேரை ஆயர்களாக அபிஷேகம் செய்தார். அவர்களில் கிவானுக்கா ஒருவர், மடகாஸ்கர்க்காரர் ஒருவர்.

அப்போது மசாக்கா விகாரியேட்டாக இருந்தது. மறைபரப்பு நாடுகளில் ஒரு பகுதி தன் காலில் நிற்கும்வரை அதைத் திருத்தந்தையின் பெயரால் ஓர் ஆயர் ஆள்வார். ஆயர் என்றால் ஒரு ஊரின் பெயர் வேண்டுமே, அதற்காக என்றோ அழிந்துபோன பழைய மறைமாவட்டம் ஒன்றின் பெயரைப் பட்டமாகக் கொடுப்பார்கள். கிவானுக்காவுக்குக் கிடைத்தது திபிக்கா. அது வட ஆப்பிரிக்காவில் இருந்த ஊர், அகுஸ்தினாரின் உலகத்தைச் சேர்ந்தது! உங்கள் கேள்வியால்தான் எனக்கு இது கண்ணில் பட்டது. 1953 மார்ச் 25இல் மசாக்கா முழு மறைமாவட்டமாகி, ருபாகா உயர்மறைமாவட்டத்தின் கீழ் வந்தது.

சரி, உள்ளூர் மக்களின் பங்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே கதையே அவர்களுடையதுதான் என்பேன்.

அந்தப் பகுதி மக்கள் பேசும் லுகாண்டா மொழியில் ‘ஒகுசோமா’ என்றால் வாசிப்பது. செபிக்கப் போவதற்கும் அதே சொல்தான். புதிதாக மதம் மாறியவர்களை மக்கள் ‘அபசோமி’ என்று அழைத்தார்கள். வாசிப்பவர்கள் என்று பொருள். வெள்ளைத் தந்தையர் சபையின் லூர்டெல் அடிகளும் சகோதரர் அமான்சும் 1879 பிப்ரவரியில் எண்டெபே அருகே கரை இறங்கினார்கள். (வெள்ளை என்றது அவர்கள் போட்டிருந்த அங்கியை.) லூர்டெலை உடன் வந்தவர்கள் பிரெஞ்சில் ‘மோன் பேர்’, அதாவது ‘என் தந்தையே’ என்று கூப்பிட்டதைக் கேட்ட மக்களின் வாயில் அது ‘மப்பேரா’ ஆயிற்று. இன்றும் உகாண்டாவில் அவர் மப்பேராதான்.

ஆனால் 1882 கடைசியில் மப்பேராவும் மற்றக் குருக்களும் விக்டோரியா ஏரியின் தென்கரைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்தது 1885இல். அந்த இரண்டரை வருடம் குருவும் இல்லை, திருப்பலியும் இல்லை. அந்த நாட்களில் புகாண்டா மன்னரின் அரண்மனையில் பொறுப்பில் இருந்த ஜோசப் முகாசா பலிகுடெம்பே போன்ற பொதுநிலையினர்தான் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள், செபம் சொல்லிக்கொடுத்தார்கள். 1885 நவம்பரில் மன்னர் முவாங்காவின் ஆணையால் அவர் தலை வெட்டப்பட்டது. அடுத்த மே மாதம், சாவு நிச்சயம் என்று தெரிந்த இரவில் சார்லஸ் லுவாங்கா, சிறுவன் கிசிட்டோ உட்பட அரண்மனைப் பணியாளர்கள் சிலருக்குத் தானே ஞானஸ்நானம் கொடுத்தார். அவரும் குரு இல்லை.

எல்லை விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி உண்மை. 1892 ஜனவரியில் புகாண்டாவின் தலைநகர் மெங்கோவில் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் சண்டை மூண்டது. பிரிட்டிஷ் வணிகக் கம்பெனியின் தளபதி லுகார்டு புராட்டஸ்டன்டுகள் பக்கம் நின்றதால் கத்தோலிக்கர் தோற்றார்கள். பிறகு நடந்த உடன்பாட்டில் விக்டோரியா ஏரியின் மேற்கே உள்ள புட்டு என்ற பகுதி அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. குடும்பம் குடும்பமாக அங்கே போனார்கள். அந்தப் புட்டுதான் இன்றைய மசாக்காவின் நடுப்பகுதி. தோற்று இடம்பெயர்ந்தவர்களின் மண் அது.

அங்கே வில்லா மரியா என்ற ஊரை மையமாக வைத்து, வெள்ளைத் தந்தையர் சபையைச் சேர்ந்த ஆயர் ஸ்ட்ரைஷர் குருமடத்தை வளர்த்தார். 1893இல் குருமடப் படிப்பு தொடங்கியது. முதல் இரண்டு குருக்கள், பசில் லுமுவும் விக்டர் முகாசாவும், அபிஷேகம் பெற்றது 1913 ஜூன் 29இல். இருபது வருடம்! நடுவில் படிப்பை விட்டுப் போன பையன்கள் எத்தனையோ பேர். ஸ்ட்ரைஷர் அளவுகோலைக் குறைக்கவும் இல்லை, முயற்சியைக் கைவிடவும் இல்லை. 1910இல் பன்னபிகிரா என்ற உள்ளூர் அருள்சகோதரிகளின் சபையும் பிறந்தது.

இன்றைய அமைப்பு உங்களுக்குப் பழக்கமானதுதான். கிட்டோவுவில் பேராலயம், ஆயர், பங்குகள், பங்குத்தந்தையர். பங்குக்குக் கீழே நம் கிளைப்பங்கு மாதிரி இருப்பதன் பெயரைப் பாருங்கள்: ‘கிசோமேசா’. வாசிக்கக் கற்றுத்தரும் இடம். அங்கே இருப்பவர் உபதேசியார். குரு வராத ஞாயிறுகளில் செபத்தை நடத்துபவர், ஞானஸ்நானத்துக்குப் பிள்ளைகளைத் தயார் செய்பவர், யார் வீட்டில் நோய், யார் வீட்டில் சண்டை என்று அறிந்தவர். ஆயர் இல்லாமல் சில மாதம் ஓடிவிடும், உபதேசியார் இல்லாமல் ஒரு வாரம்கூட ஓடாது.

கிவானுக்கா இதைப் புரிந்தவர். 1960களில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு வெகுகாலம் முன்பே பங்குகளில் மக்களே தேர்ந்தெடுக்கும் பங்குப் பேரவைகளை அமைத்தார். பள்ளிகளுக்குப் பெற்றோர் சங்கங்களை உருவாக்கினார். குருக்களை மேற்படிப்புக்கு வெளிநாட்டுக்கு அனுப்பினார். மசாக்கா முழுக்கவே ஆப்பிரிக்கக் குருக்களிடம் ஒப்படைக்கப்பட்ட பகுதி. இவர்கள் தடுமாறினால் கண்டம் முழுவதற்கும் அதை உதாரணமாகக் காட்டியிருப்பார்கள். நீங்கள் தூத்துக்குடிக்காரர், இந்த நிலைமை உங்களுக்கு அந்நியமாக இருக்காது. 1923இல் உங்கள் மறைமாவட்டத்தையும் இப்படித்தான் இந்தியக் குருக்களிடம் ஒப்படைத்து, ரோச் ஆண்டகையை ஆயராக்கினார்கள்.

கிவானுக்கா 1960 கடைசியில் ருபாகாவின் பேராயராக நியமிக்கப்பட்டார். மசாக்காவில் அவருக்குப் பின் அட்ரியன் டுங்கு, ஜான் பாப்டிஸ்ட் காக்வா, 2019 முதல் செவெருஸ் ஜும்பா.

ஸ்ட்ரைஷர் 1933இல் ஓய்வு பெற்றார், ஆனால் நாடு திரும்பவில்லை. 1952இல் இறந்தபோது அவரை வில்லா மரியாவில் அடக்கம் செய்தார்கள். அப்போது அந்த மண்ணின் ஆயர், அவர் வளர்த்த குருமடத்தில் படித்த கிவானுக்கா.

அன்புடன்.