மண்ணும் வண்டியும்: கேள்வி – பதில்

கேள்வி: ஏரியில் வண்டல் அள்ளுகிறோம். மேலே காய்ந்து வெடித்திருக்கிறது, நடந்தால் கால் பதிவதில்லை. ஆனால் நாலைந்து டிப்பர் போனதும் அடுத்தது அச்சு வரை புதைகிறது. முன்கூட்டியே அளக்க முடியுமா? (வாசகர், தாம்பரம்)

பதில்: காலை நம்பாதீர்கள். பாதம் சதுர அங்குலத்துக்குப் பத்து பவுண்டுகூட அழுத்தாது; டிப்பர் டயரின் காற்றே 100 பவுண்டைத் தாண்டும்.

இதற்கான கருவி கோன் பெனிட்ரோமீட்டர், அதாவது மண்ணில் குத்தி அதன் எதிர்ப்பை அளக்கும் கம்பி. முனையில் 30 டிகிரி கூம்பு, அடிப்பரப்பு அரை சதுர அங்குலம். செங்குத்தாகப் பிடித்து நொடிக்கு 3 செ.மீ. வீதம் அழுத்துங்கள். அவசரப்பட்டால் எண் கூடிவிடும். அழுத்த விசையை (பவுண்டில்) கூம்பின் அடிப்பரப்பால் (சதுர அங்குலத்தில்) வகுத்தால் வருவது கூம்புக் குறியீடு. 300 வந்தால் 150 பவுண்டு விசை, அதாவது ஓர் ஆளின் முழு எடை.

லோடு டிப்பருக்கு முக்கியம் 15 முதல் 30 செ.மீ. ஆழம். மேல் பொருக்கில் வரும் பெரிய எண்ணைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரே இடத்தில் ஒரு குத்து போதாது. பாதை நெடுக எடுங்கள். கல், வேர், கிளிஞ்சல் தட்டினால் அந்த அளவை விட்டுவிட்டு அருகில் குத்துங்கள்.

உங்கள் சிக்கல் அடுத்த படியில்தான் தெரியும். ஈரக் களிமண்ணை மிதிக்க மிதிக்க வலு குறையும். அந்த ஆழத்து மண்ணை உருளைக் குழாயில் எடுத்துக் கூம்பால் அளந்து, 1.1 கிலோ சுத்தியலை 30 செ.மீ. உயரத்திலிருந்து 100 முறை விட்டு, மறுபடி அளக்க வேண்டும். முதலில் 100 ஆக இருந்த குறியீடு பிறகு 60 ஆனால் விகிதம் 0.6. தரையில் எடுத்த எண்ணை இதால் பெருக்கினால் வருவதே மெய்யான பலம். அது வண்டிக்குத் தேவையான எண்ணுக்குக் கீழே இருந்தால் புதையும். அந்த எண் வண்டியின் எடை, டயர் அகலம், அச்சுகளைப் பொறுத்தது. கணக்கிட முடியாவிட்டால், புதைந்த இடத்துத் தடத்தை ஒட்டிய, சக்கரம் படாத மண்ணில் அளந்து அதையே எல்லையாக வையுங்கள்.

ஆனியில் எடுத்த அளவு ஐப்பசிக்கு உதவாது. மழை பெய்தால் முதலிலிருந்து.

கேள்வி: கடற்கரையில் படகு இழுக்கும் டிராக்டருக்கும் இதே முறையா? (வாசகர், காசிமேடு)

பதில்: கூம்பு உண்டு, சுத்தியல் வேண்டாம். காய்ந்த மணலில் முதல் ஓட்டம்தான் கடினம். அதே தடத்தில் பின்னால் வருவது பெரும்பாலும் எளிது. டயர் காற்றைக் குறைத்தால் படும் பரப்பு கூடி, புதைவது குறையும்; தார்ச்சாலை ஏறுமுன் மறக்காமல் நிரப்புங்கள். அலை வடிந்த ஈர மணல் காய்ந்ததைவிடக் கெட்டி. தண்ணீர் ததும்பி நிற்கும் மணல் மட்டும் ஆபத்து, அங்கே நிறுத்தவே கூடாது.