சன்னலுக்கு முதுகைக் காட்டுங்கள்: வகுப்பறைக் கேமரா கேள்வி-பதில்

மூன்றாம் வகுப்புக்கு 15 ஆயிரத்தில் நல்ல கேமரா சொல்லுங்கள்.

வாங்காதீர்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய போனைச் சிம் இல்லாமல் பிள்ளைகள் கையில் கொடுங்கள். முந்நூறு, நானூறு ரூபாயில் ஒரு ஸ்டாண்ட் போதும்.

என் போனில் படம் தெளிவாக வரவில்லை. ஏன்?

எந்த போன், எங்கே எடுத்தீர்கள், கலங்கலா இருட்டா, எதுவும் எழுதவில்லை. ஜோசியம் எனக்குத் தெரியாது. சாக்பீஸ் தூளும் விரல் ரேகையும் படிந்திருக்கும். பருத்தித் துணியால் லென்ஸைத் துடையுங்கள். சன்னல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். பிள்ளைகளுக்குப் பின்னால் சன்னல் இருந்தால் முகங்கள் கருத்துத்தான் விழும்.

அவரை விதை முளைப்பதை வீடியோ எடுக்க முடியுமா?

வீடியோ வேண்டாம், படங்களாக எடுங்கள். ஸ்டாண்டின் கால்களைச் சுற்றித் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அரை மணிக்கு ஒரு படம், முறை வைத்து ஆளுக்கு ஒன்று. பள்ளி நேரத்தில் நாளைக்குப் பன்னிரண்டு, ஆறேழு நாளில் எண்பது தேறும். நொடிக்கு எட்டு வீதம் ஓட்டினால் பத்து நொடிப் படம். ஒவ்வொரு இரவும் முளை ஒரு தாவு தாவியிருக்கும். ஏன் என்று பிள்ளைகளையே கேளுங்கள். லென்ஸைத் தினமும் துடையுங்கள்.

தலைமையாசிரியர் தினமும் வாட்ஸ்அப் குழுவில் வகுப்புப் படம் போடச் சொல்கிறார். பெற்றோருக்கும் மகிழ்ச்சி. நானும் ஸ்டேட்டஸில் வைக்கிறேன். தவறா?

தவறுதான். எத்தனை முறை எழுதுவது! முப்பது பிள்ளைகள் மின்னட்டையை (எழுத்தோ படமோ உள்ள பாட அட்டை) தூக்கிப் பிடித்துக் கேமராவைப் பார்க்கும் படத்தில் யார் என்ன கற்றார்கள்? வரிசையில் நிறுத்தியே பத்து நிமிடம் போயிருக்கும். ஒரு பள்ளியில் அழுதுகொண்டிருந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தையை, "சிரி, இன்னொன்று எடுக்கிறேன்" என்று இரண்டு முறை நிறுத்தியதைப் பார்த்தேன். சான்றுப் படம் அழகாகவே வந்தது.

முகம், சீருடை, கழுத்தில் பெயர் அட்டை, பின்னால் பள்ளிப் பலகை எல்லாம் ஒரே படத்தில். குழந்தையைத் தேடி வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான். பெற்றோர் ஒப்புதல் தேவை. சேர்க்கையன்று கண்ணை மூடிக்கொண்டு போடவைத்த கையெழுத்தை ஒப்புதல் என்று என்னிடம் சொல்லாதீர்கள். தலைமையாசிரியருக்குக் கைகளையும் நோட்டையும் களிமண் பொம்மையையும் எடுத்து அனுப்புங்கள். முகம் வேண்டாம். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவையும் அணைத்துவிடுங்கள்.

வீடியோவில் பேச்சு கேட்கவில்லை.

மின்விசிறியை நிறுத்துங்கள். போன் ஒரு கை தூரத்தில் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்சிட்டால் மங்குகிறது.

படமாக அனுப்பினால் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போனைக் கொடுத்தால் என்ன எடுப்பார்கள்?

முதலில் ஒருவர் மூக்கை ஒருவர் எடுப்பார்கள். அரை மணியில் அலுத்துவிடும், அழித்துவிடுங்கள். பிறகு எழுத்து வேட்டைக்கு அனுப்புங்கள். படிக்கட்டில் 'ட' கிடைக்கும். ஒரு சிறுமி பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு 'ப' எடுத்து வந்தாள். ஆளுக்கு ஐந்து படம் என்று வரம்பு வையுங்கள். திரும்பி வந்ததும் லென்ஸைத் துடையுங்கள். பாதி விரல்கள் அதன்மேல்தான் இருந்திருக்கும்.